அந்த விளிம்பில் நீங்கள் கூப்பிட்ட பெயர்

இன்று காலை மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரியிலிருந்து உங்கள் மலையேறும் சப்பாத்துகளை எடுத்தேன். கயிற்றைத் தளர்த்தியதும் சிவப்பு மணல் கார்ப்பெட்டில் கொட்டியது. கூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நண்பர் அன்ரன் கேட்டிருந்தார், உங்கள் கால் அளவுதான் அவருக்கும். "வந்து எடுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று என்னையே நொந்துகொண்டேன். உங்களுடையது எவ்வளவோ அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே ஷிப்டில் ரயில் வேலை செய்தவர்கள் நீங்கள் இருவரும். வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு மலைக்குப் போவீர்கள். நோர்பரி வீட்டுக்குத் திரும்பியதும், "எப்பிடி இருந்தது?" என்று கேட்பேன். "நல்லாயிருந்தது" என்பீர்கள். அவ்வளவுதான். பிறகு அறைக்குள் போய் அன்ரனோடு போனில் சிரிப்பீர்கள். நான் கறியைக் கிளறிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பேன்.

அதனால்தான் ஜோர்தான் பாலைவன மலைக்கு நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

"அது பொல்லாத மலையப்பா. உமக்கு ஏலாது."

"ஏலும்" என்றேன். குளிர்காலம் முழுக்கப் பயிற்சிக்கூடத்து ஏறுசுவரில் தொங்கிக் கை தோலுரியப் பழகினேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பாறையைக் கையால் பிடித்து, காலை ஊன்றி, அடுத்த பிடியைத் தேடுவதிலேயே கவனம் போய்விட்டது. உச்சியில் நீங்கள் என் தலையில் கைவைத்து, "வந்திட்டீர்" என்றீர்கள். அன்று நான் உங்களுக்குச் சொந்தக்காரியாக உணர்ந்தேன்.

இறங்கும் வழி வேறு. ஒரு கால் வைக்கும் அகலத்தில் பாறை விளிம்பு. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் வெறும் வெளி. கீழே நாங்கள் வந்த ஜீப் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அன்ரன் முன்னே போய் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார். நடுவில் நீங்கள். உங்களுக்குப் பின்னே நான். பாதி வழியில் நின்றீர்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டீர்கள். கை நீட்டினால் உங்கள் தோளைத் தொடும் தூரத்தில் நின்றேன்.

"அன்ரன்" என்று கூப்பிட்டீர்கள்.

நான் பின்னால் நிற்பது உங்களுக்குத் தெரியும். என் மூச்சுக்கூடக் கேட்டிருக்கும். அவர் திரும்பி வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணை, என்னைப் பாருங்கோ. இடது கால். ஓம். இனி வலது." நீங்கள் போனீர்கள். நான் தனியே, யாரும் சொல்லாமலே நடந்து வந்து சேர்ந்தேன். எனக்கு விழும் பயமே வரவில்லை. மனம் முழுக்க அந்தப் பெயர்தான் இருந்தது.

உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். என்னிடம் "சாப்பிட்டனீரோ?" என்று கேட்பீர்கள். நான் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால் உங்கள் கை அன்ரனின் கைக்குள் இருக்கும். என்னைக் கண்டதும் விட்டுவிடுவீர்கள்.

இன்று மத்தியானம் சப்பாத்தை எடுக்க அன்ரன் வந்தார். வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். "ஏன் அண்டைக்கு அந்த விளிம்பில என்னைக் கூப்பிடேல்ல எண்டு எப்பவாவது சொன்னவரோ?"

அன்ரன் நிலத்தைப் பார்த்தார். "சொன்னவர், அக்கா. தான் பயந்ததை நீங்கள் காணக்கூடாதாம். வெட்கமாம்."

ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். உங்கள் காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தவள் நான், உங்கள் அம்மா போன சேதி வந்தபோது நீங்கள் அழுததைப் பார்த்தவள் நான். என்னிடம் என்ன வெட்கம்? எனக்கு வேண்டியிருந்ததே அந்தப் பயந்த மனிதன்தான். அந்த மனிதனை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தைரியசாலியை எனக்கு மிச்சம் வைத்தீர்கள்.

பங்குனியில் அன்ரன் அதே மலைக்குப் போகிறாராம். "வாறியளோ, அக்கா?" என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். போனால் வழிநெடுக அவர் உங்களைப் பற்றிச் சொல்லுவார், நான் அறியாத உங்களை. அதைக் கேட்டு நடக்க இன்னும் மனம் இடந்தரவில்லை.

துக்கம் மெல்ல ஆறும் என்கிறார்கள். ஆறட்டும். இந்தப் பொறாமையை மட்டும் நான் விடப்போவதில்லை. துக்கப்படும்போது நான் உங்களை இழந்தவள். பொறாமைப்படும்போது இன்னும் உங்கள் மனைவி.