தன்வினை, பிறவினை

ஜூலை 7, திங்கள்

பிசியோதெரபி வகுப்பில் இன்று அடிப்படைச் சொற்கள் ஆரம்பம். வருஷக்கணக்கில் ஒரு கிளினிக் வாசலில் டோக்கன் கூப்பிட்டவள், முப்பத்தொன்பது வயதில் பெஞ்சில் உட்கார்ந்து 'மடக்கல், நீட்டல்' என்று எழுதுகிறேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். ஒருத்தி மட்டும் ஆன்ட்டி என்றாள். அவளுக்கு நோட்ஸ் தருவதாக இல்லை.

கையை உடம்பிலிருந்து விலக்கினால் ஆப்டக்‌ஷன், உடம்போடு சேர்த்தால் ஆடக்‌ஷன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துவது போதாமல் வீட்டிலும் நடத்துகிற வாத்தியார் அவர்.

"விலகுறதுக்கும் அணைக்கிறதுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசமா? கல்யாணம் ஆனவங்க வச்ச பேரா இருக்கும்."

ஜூலை 10, வியாழன்

ஆக்டிவ் என்றால் நோயாளி தானே அசைப்பது. பாஸிவ் என்றால் அவர் சும்மா இருக்க, நாம் அசைத்துவிடுவது. வாத்தியார் உடனே, "தன்வினை, பிறவினை. இதுக்கா ஃபீஸ் கட்டின?" என்றார்.

போன மாதம் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கியதிலிருந்து வலது தோள் வலிக்கிறதாம். தைலம் தேய்த்துக்கொள்கிறார். வீடு முழுக்க மணக்கிறது.

ஜூலை 19, சனி

கொடியில் துணி போடுவது எப்போதும் அவர் வேலை. இரண்டு வாரமாக இல்லை. கேட்டால் கை எழும்பவில்லை என்கிறார். வீட்டிலேயே ஒரு நோயாளி, விடுவேனா?

தூக்கச் சொன்னேன். மார்பு உயரம்கூட வரவில்லை. அதற்குள் தோள் காதுக்குப் போய்விட்டது. பிறகு கட்டிலில் படுக்க வைத்து நானே தூக்கினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. காதைத் தொட்டது. மூட்டில் பிடிப்பே இல்லை.

நான் தூக்கினால் போகிறது. அவர் தூக்கினால் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு தோளில் இல்லை, ஆளிடம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் துணி நானே. இந்த வீட்டில் யார் ஆக்டிவ், யார் பாஸிவ் என்று கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். தம்பி ஏன் இடது கையால் தலை வாருகிறான் என்று கேட்டார். நான் அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன். "கையில ஒண்ணும் இல்ல அண்ணி. மனசு வச்சா தூக்கலாம்."

அதோடு நின்றிருக்கலாம். சோபாவில் அவரைச் சாய்த்து, எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தீங்களா, எவ்வளவு சுலபமாப் போகுது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், தூக்கத் தெரியாதவருக்குத் தோள் கோணல் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "படிச்சவ சொல்றா, கேட்டுக்கோடா" என்றார் நாத்தனார். வாத்தியார் கையை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார், இரவல் கொடுத்த பொருள் மாதிரி.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"வலிக்குதுன்னு சொன்னேனே. அதுக்கு உன் புத்தகத்துல வார்த்தை இல்லையா?"

இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதற்கு மருந்து பயிற்சி என்று சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து ஒரு பையில் தண்ணீர் பாட்டில்கள், காலையும் மாலையும் தூக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொற்கள் தேர்வில் முதல் மதிப்பெண்! அறிவிப்புப் பலகையில் என் பெயர். அந்த ஆன்ட்டிக்காரி நோட்ஸ் கேட்டாள். கொடுத்தேன், பெருந்தன்மை.

வாத்தியார் "நல்லது" என்றார். பையை ஒழுங்காகத் தூக்குகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, ஆனால் ஒரு பேச்சு இல்லை. பயிற்சி நோட்டில் 'ஒத்துழைப்பு: நன்று' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 16, சனி

பஸ் நிறுத்தத்தில் அவர் பள்ளி விளையாட்டு ஆசிரியரைப் பார்த்தேன். சாருக்குக் கை எப்படி இருக்கு என்று கேட்டார். தேறிவிட்டது என்றேன்.

"அப்படியா? இன்னும் போர்டுல கீழ்ப்பாதியிலதான் எழுதுறார். பின் பெஞ்சுப் பசங்க எழுந்து நின்னு பார்த்து எழுதுறாங்க."

நடிப்பு பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டதாக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்திலேயே அந்த நினைப்பு நொண்டியது. பலகையின் மேல் ஓரத்திலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அவருக்குப் பாடமே ஓடாது. அங்கே துணியும் இல்லை, கொடியும் இல்லை. யாருக்காக நடிக்கணும்?

ஆகஸ்ட் 20, புதன்

எழுதவே கை வரவில்லை.

தோள் பாடம். முதல் மதிப்பெண் வாங்கியவள் என்று மேடம் என்னைத்தான் எழுப்பினார். ஆக்டிவ் குறைவு, பாஸிவ் முழுசா இருக்கு, என்ன அர்த்தம்? நான் கணீரென்று சொன்னேன்: நோயாளி முயற்சி பண்ணலை.

மேடம் சிரித்தார். "அப்படி எழுதினா நான் பாவம் பார்த்து அரை மார்க் போடுவேன். நோயாளி கேஸ் போடுவார்."

பிறகு வாளியை வைத்து விளக்கினார். கிணற்றில் குறையில்லை, உருளை நன்றாகச் சுற்றுகிறது, இறைக்கிறவனும் சோம்பேறி இல்லை. நடுவில் கயிறு அறுந்திருக்கிறது. இழுக்க இழுக்க வாளி வராது. தோளில் அந்தக் கயிறு, எலும்பைப் பிடித்திருக்கிற தசைநாண். மூட்டே இறுகியிருந்தால் நாம் தூக்கினாலும் போகாது. நாம் தூக்கினால் போகிறது, அவரால் முடியவில்லை என்றால் முதலில் கிழிசலைச் சந்தேகப்படுங்கள். எடை தூக்க வைக்காதீர்கள்.

எடை தூக்க வைக்காதீர்கள்.

பக்கத்துப் பெண் அதை அடிக்கோடிட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல. கயிறு, கிணறு, வாளின்னு என்னென்னவோ உளறினேன். அவர் முழுசாக் கேட்டார். கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் — படலை.

"அப்ப நான் நடிக்கலைன்னு ஆகுதா?"

ஆமாங்க.

"சரி. அக்காவுக்கு நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிடு."

பண்ணினேன். நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு நாத்தனார், "நல்லவேளை, வீட்டுலயே படிச்சவ இருக்கா. இல்லன்னா யாரு கண்டுபிடிச்சிருப்பா" என்றார். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

ஸ்கேன். கிழிசல்தான். முதலில் சின்னதாக இருந்திருக்கலாம், பிறகு பெரிசாகியிருக்கலாம் என்றார் டாக்டர். எடை ஏதாவது தூக்கினீங்களா என்று கேட்டார். 

"வீட்டு வேலைதான் டாக்டர், ஏதோ தூக்கினேன்" என்றார் வாத்தியார்.

தன்வினை தன்னைச் சுடும் என்று பழமொழி சொல்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் ஆள் மாறிச் சுட்டிருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. தைத்துவிட்டார்கள். பழையபடி முழுசாக வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

செப்டம்பர் 29, திங்கள்

பாஸிவ் பயிற்சி தொடங்கலாம் என்று அனுமதி. எங்கள் வகுப்புப் பயிற்சி அறையில் மேடம் பக்கத்தில் நின்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு கை முழங்கைக்கு அடியில், ஒரு கை மணிக்கட்டில். தளர விடுங்க சார். விட்டுட்டேனே என்றார் அவர். விடவில்லை. என் கையில் அவர் கையின் எடை விழவே இல்லை. தூக்குவது மாதிரி நான் பாவனை செய்தேன், கொடுப்பது மாதிரி அவர்.

மேடம் பிடித்தபோது உடனே தளர்ந்தது.

இதற்கும் புத்தகத்தில் சொல் இருக்கிறது. தற்காப்பு இறுக்கம். அடிபட்ட உடம்பு, அடித்தது எது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். மேடம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "அவசரப்படாதீங்க. முதல்ல சும்மா பிடிச்சுக்கிட்டு உட்காருங்க, போதும்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போதவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் மழை. கட்டிலில் படுத்திருந்தார், நான் பக்கத்து ஸ்டூலில். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன் கட்டுரையில் 'ஆசிரியர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு மகிழ்ச்சியடைந்தோம்' என்று எழுதியிருக்கிறானாம். யார் அனுமதிக்கப்பட்டார், யார் மகிழ்ச்சியடைந்தார், ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுவாய் அடித்துக்கொள்கிறதே என்று கோபமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவன் வேண்டுமென்றே எழுதியிருப்பான் என்றேன். சிரித்தார். அதற்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்று மறுபடி ஆரம்பித்தார்.

பேச்சு பாதியில் இருந்தபோது என் உள்ளங்கையில் ஏதோ இறங்கியது. முதலில் புரியவில்லை. ஒரு கைக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்கு உறைக்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், எல்லாம் தொப்பென்று என் கைக்கு வந்துவிட்டன. அவர் கவனிக்கவில்லை, எழுவாயை விடவில்லை.

நான் தூக்கவில்லை. எடை தாங்காமல் என் மணிக்கட்டு வலித்தது. அப்படியே வைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றேன்.