அய்தெமிர் பெக்கின் பட்டியல்

சான் ரமோன்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள திரு,

நலம். நலமறிய ஆவல். நீங்கள் டெக்சஸ் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. யார் கூப்பிட்டாலும் நீ போனை எடுப்பதில்லை என்று ஊரெல்லாம் புகார். அதனால்தான் தபாலுக்கு வந்தேன்.

ஒரு புத்தகம் எழுதிவிட்டேன். சிரிக்காதே. கதாநாயகர் அய்தெமிர் பெக். காகசஸ் மலைக்கு வடக்கே, காஸ்பியன் கடலோரச் சமவெளியில் குமிக் என்று ஒரு முஸ்லிம் இனம் உண்டு. துருக்கிய மொழி பேசுபவர்கள். அங்கே ஒரு பிரபுவின் மகனாகப் பிறந்தவர். எட்டு வயதில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்கள் பிணையாகப் பீட்டர்ஸ்பர்க் கொண்டுபோய் ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். நாற்பத்தாறு வயதில் ஜெனரல். தன் மதத்தாரை எதிர்த்தே பன்னிரண்டு வருஷம் போர் நடத்தினார்.

முதல் ஒன்பது அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். கல்லூரி மலரை நீ திருத்திய அதே சிவப்புப் பேனாவால் திருத்து. வீட்டில் முனவ்வரா உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
நசுருதீன்


பிளேனோ,
1 மார்ச் 2025

அன்புள்ள நசுரு,

பார்சல் வந்தது. திருத்த நேரம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை, நாசூக்குக்கு நன்றி. சாந்தாமணிக்கு இங்கே வேலை கிடைத்ததால் நாங்கள் இந்த நாட்டில் இருக்கிறோம். அவள் விசாவில் நான் சார்ந்து வாழ்பவன். வேலை அனுமதி இன்னும் வரவில்லை. எனவே காலையில் வெண்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, பத்து மணியிலிருந்து ரஷ்ய சாம்ராஜ்யத்தைக் கவனிக்கிறேன்.

ஆறாம் அத்தியாயம் நன்று. வீரப் பதக்கங்களில் கிறிஸ்தவப் புனிதரின் உருவம் இருக்கும் என்பதால், முஸ்லிம் அதிகாரிகளுக்கு மட்டும் புனிதரை எடுத்துவிட்டுக் கழுகு பொறித்துக் கொடுத்தார்களாமே. நம் ஆபீஸ் விருந்தில் உனக்கு மட்டும் ஹலால் என்று சீட்டு ஒட்டித் தனித்தட்டு வைப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை. தனியாகத் தெரிந்தாய், அவ்வளவுதான்.

குமிக் பிரபுக்கள் பிள்ளையைத் தாங்களே வளர்க்காமல் இன்னொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளை பால்சகோதரன் ஆவான், கூடப்பிறந்தவனைவிட அவன்தான் பெரிது என்று இரண்டாம் அத்தியாயத்தில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். பெக்கின் பால்சகோதரன் மலையடிவாரத்து ஊர்க்காரன் என்றும் சொல்கிறாய். ஆனால் அதன்பிறகு ஆளையே காணோமே?

உன்,
திருமூர்த்தி


சான் ரமோன்,
16 மார்ச் 2025

அன்புள்ள திரு,

அவன் பத்தாம் அத்தியாயத்தில் வருகிறான். இத்துடன் இருக்கிறது. அதை அனுப்பத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

கிளர்ச்சிக்காரர்களுக்குத் தானியம் கொடுத்ததற்காக ஒன்பது ஊர்களைக் கொளுத்த உத்தரவு வருகிறது. எந்தெந்த ஊர் என்று முடிவு செய்யும் பொறுப்பு பெக்குடையது. அவர் கையெழுத்தில், குமிக் மொழியிலேயே பட்டியல் கிடைத்திருக்கிறது. என்னுடன் வேலை பார்க்கும் துருக்கிக்காரர் ஒருவர் படித்துச் சொன்னார். படை போன பாதையில் கடைசியாக வரும் ஊர் பட்டியலில் முதலில் இருக்கிறது. பால்சகோதரனின் ஊர்.

ஏன் அப்படி எழுதினார் என்று நான்கு பக்கம் விளக்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை மட்டும் கவனமாகப் படி.

அன்புடன்,
நசுருதீன்


பிளேனோ,
30 மார்ச் 2025

அன்புள்ள நசுரு,

படித்தேன். புத்தகம் முழுக்க ஒரு குதிரையின் நிறத்துக்குக்கூட அடிக்குறிப்பு போட்டிருக்கிறாய். இந்த நான்கு பக்கத்துக்கு ஒன்றுமில்லை. 'வேற்றாள் என்று தன்னைச் சந்தேகிக்கும் அதிகாரிகள் முன்னால், தன் ஆளைக் காப்பாற்றினான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே அந்தப் பெயரை முதலில் எழுதினார். எழுதியதும் மனம் லேசாயிற்று. அந்த லேசுக்காகத்தான் பிறகு வெட்கப்பட்டார்.' இதற்கு ஆதாரம் என்ன? அவர் நாட்குறிப்பு எழுதியதில்லை என்று நீயே முன்னுரையில் சொல்கிறாய்.

சாந்தாமணி சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏனுங்க, இது அந்த ஜெனரலப் பத்தி எழுதுனதா, இல்ல பாய் அவரப் பத்தியே எழுதிக்கிட்டதா?" என்று கேட்டாள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

திருமூர்த்தி


சான் ரமோன்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள திருமூர்த்தி,

ஆதாரம் நான்தான்.

போன வருஷம் ஜனவரியில், ஆபீஸில் ஆட்குறைப்புக்கு என்னிடம் பதினொரு பெயர் கேட்டார்கள். எனக்கு மேலே இருந்த ரோஹன், நீயும் நானும் ஒரே காலேஜ் என்று தெரிந்தவர். "உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் safe-ஆ இருப்பாங்க போல" என்று சிரித்தார். கிண்டல்தான். நான் அன்றைக்கே உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். மற்ற பத்துப் பெயருக்கு மூன்று நாள் யோசித்தேன். யாருக்குக் குழந்தை சின்னது, யாருக்கு green card வந்துவிட்டது என்றெல்லாம் பார்த்தேன். உன் பெயருக்கு எதுவும் பார்க்கவில்லை. வேலை போனால் அறுபது நாளில் நீ நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

உனக்குப் போன் செய்து, "எனக்கே இன்னைக்குக் காலைலதான்டா தெரியும்" என்றேன். அதுவும் பொய்.

அதன்பிறகுதான் இந்தப் பெக் கண்ணில் பட்டார். அவரைப் பற்றி எழுதினால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நசுருதீன்


பிளேனோ,
11 மே 2025

நசுருதீனுக்கு,

உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. புத்தகத்தில் இருநூற்றுப் பதினான்கு. கடிதத்தைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறாய் என்று தெரிகிறது.

பட்டியலில் போட்டதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு பேரைக் கேட்டார்கள், யாரையாவது எழுதித்தான் ஆக வேண்டும். உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பத்து நாளாக யோசித்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்கு வேலை போன அன்று சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவந்தாய். உட்கார்ந்து, எனக்குத் தைரியம் சொன்னாய். என் ரெஸ்யூமைத் திருத்திக் கொடுத்தாய். வெண்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் உன்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ என்றேன். நீ என் தோளைத் தட்டினாய்.

பெக் அந்த ஊரைக் கொளுத்திவிட்டுப் பிரியாணி கொண்டுபோனதாக உன் ஆவணம் எதிலும் இல்லை. அந்த அளவில் அவர் தேவலை. நீ செய்ததை அவர் தலையில் ஏற்றியது நியாயமில்லை. அந்த நான்கு பக்கங்களை எடுத்துவிடு. அவர் ஏன் அப்படி எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்றே எழுது.

ஒன்பது அத்தியாயங்களையும் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒத்துக்கொண்ட வேலை. பத்தாவதை நான் தொடவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்.

சாந்தாமணியிடம் சொல்லிவிட்டேன். குழந்தைகளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. உன் ரிதாவும் வெண்பாவும் தினமும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் உங்கள் வீட்டில் இருக்க வெண்பா ஆசைப்படுகிறாள். அனுப்புகிறேன். ஜூன் 14, சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஓக்லண்டில் இறங்குகிறாள்.

விமான நிலையத்துக்கு முனவ்வரா வரட்டும்.

திருமூர்த்தி