சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை

ஜூன் 8, திங்கள்

மேகம் உண்டு, மழை இல்லை. புழுக்கம். குளியலறைக் குழாய் ஒழுகல். பிளம்பர் போனை எடுக்கவில்லை.

காலையில் சென்சஸ், வீட்டுக் கணக்கெடுப்பு. முனிசிபல் பள்ளி ஆசிரியை, மராத்திப் பெண், கையில் மொபைல். செருப்பை வெளியே விட்டு வந்தாள், நல்ல பழக்கம். தண்ணீர், கழிப்பறை, காஸ் எல்லாம் கேட்டாள். குடும்பத் தலைவர்? நான். எத்தனை பேர்? நான் ஒருத்தி. சொந்த வீடா, வாடகையா? சொந்தம் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி உண்மை சொல்லக் கூடாது என்று கான்வென்டில் பழக்கிவிட்டார்கள். மகன் பாஸ்கர் பெயரில் இருக்கிறது, அவன் குடும்பம் புனேயின் மறுகோடியில், மகர்பட்டாவில் என்றும் சொன்னேன்.

அவள் விரல் நின்றது. "ஆஜி, கிராயா தேதே ஹோ க்யா உஸ்கோ?" அவனுக்கு வாடகை தருகிறேனா என்று.

பெற்ற பிள்ளைக்கு வாடகையா? இல்லை என்றேன். அப்படியானால் மூன்றாவதுதான் என்று தொட்டாள். 'மற்றவை'.

இந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து நிக்டியில், இதே வீட்டில். மற்றவை.

ஜூன் 9, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. தயிர் புளித்துவிட்டது.

பாஸ்கருக்குப் போன். சிரித்தான். "உன்னை யாரும்மா அவ்ளோ விவரம் கேட்டா?" அவர்கள் வீட்டுக்கும் ஆள் வந்ததாம். அங்கே வாடகை, அதனால் 'வாடகை' என்று பதிவு.

ஆக, பத்திரம் உள்ளவன் வாடகைக்காரன். வீட்டில் இருப்பவள் மற்றவை. ஒரு சொந்த வீடு இருந்தும் இரண்டு குடும்பத்திலும் 'சொந்தம்' இல்லை.

பாஸ்கரின் அப்பா போன பிறகு என் பங்கை பாஸ்கருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டடத்தில் புருஷனை இழந்த எல்லோரும் அப்படித்தான். "எப்படியும் பிள்ளைக்குத்தானே" என்பார்கள். நானும் சொன்னேன்.

ஜூன் 11, வியாழன்

பிளம்பர் வந்தான். வாஷர் மட்டும்.

கீழே சொசைட்டி செக்ரட்டரி பேப்பரும் கையுமாக. நாட்டில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று பிரசங்கம். அது ஆள் கணக்கு இல்லை, குடும்பக் கணக்கு என்றேன். எதிர் வீட்டில் ஐந்து பேர். வீடு அப்பா பெயரில். சம்பாதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் ஐந்து பேரும் ஒரே 'சொந்த'த்துக்குள் அடக்கம். அந்தப் பிள்ளைகள் கல்யாணமாகித் தனி வாடகைக்குப் போனால் சொந்த வீட்டுச் சதவீதம் இறங்கும். யாரும் எதையும் இழக்காமலே.

எத்தனை பேரிடம் வீடு இருக்கிறது என்று அது சொல்லாது. எத்தனை குடும்பம் தன் வீட்டிலேயே குடியிருக்கிறது என்றுதான் சொல்லும்.

மேடம் பேப்பரையே நிம்மதியாகப் படிக்க விடமாட்டார் என்றார் செக்ரட்டரி. போகட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

நல்ல மழை. பாஸ்கரும் மருமகள் கீதாவும் சாப்பாட்டுக்கு. சேப்பங்கிழங்கு ரோஸ்ட், மோர்க்குழம்பு. பாஸ்கர் சரியாகச் சாப்பிடவில்லை. விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இதை விற்று மகர்பட்டாவில் பெரியதாக வாங்கலாமாம். ஏஜென்ட் இதை வாங்க ஒரு பார்ட்டி வைத்திருக்கிறானாம். எனக்குத் தனி ரூம், லிஃப்ட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. "நாமளும் சொந்த வீட்டுக்காரங்க ஆயிடலாம்மா."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். இப்போது இரண்டு குடும்பம், சொந்தம் பூஜ்யம். அங்கே போனால் ஒரே குடும்பம், அதுவும் சொந்தம். பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம். நான் என் கதவை இழந்தது எந்தக் கணக்கிலும் வராது.

பத்திரம் உன்னுடையது, விற்றுக்கொள் என்றேன். நான் இதே நிக்டியில் ஒரு ரூம் வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

"இந்த வயசுல வாடகை வீட்ல போய் உக்காருவியா?"

"நீ உக்காரலையா? என் பென்ஷன்ல ஒரு ரூம் வரும். தலைவர் யாருன்னு கேட்டா நான்னு சொல்வேன். மற்றவைல இருக்க மாட்டேன்."

கோபித்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். கீதா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, அவனுக்குக் கேட்கும்படி, "புது வீடு யார் பேர்லன்னு நானும் இன்னும் கேக்கலை அத்தை" என்றாள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜூன் 15, திங்கள்

முழங்கால் வலி. போன் இல்லை. நானும் செய்யவில்லை.

ஜூன் 17, புதன்

வெயில். இரண்டு நாள் துணியும் காய்ந்தது.

மாலையில் பாஸ்கரிடமிருந்து போன். கீதா இரண்டு நாளாகப் பேசவில்லையாம்; அவன் குரலும் இறங்கியிருந்தது. ஏஜென்டிடம் வேண்டாம் என்றுவிட்டானாம். வீட்டை என் பெயருக்கே தானமாக எழுதித் தருகிறானாம். "அப்புறம் நான் நிஜமாவே வாடகைக்காரன்மா, சந்தோஷமா?"

சந்தோஷம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டிரார் ஆபீஸ். ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ. இருக்கும் போட்டோவில் அழுதுவடிகிறேன். நாளை ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுக்க வேண்டும். நீலப் புடவை.