பொம்மையன் தோப்பு

நாகல் நகர், திண்டுக்கல்
20.6.2022

அன்புத் தம்பி மலைச்சாமிக்கு,

நீ முதலமைச்சராகப் பதவியேற்றதை டிவியில் பார்த்தேன். உறுதிமொழி வாசிக்கும்போது குரல் கட்டியிருந்தது, உடம்பைப் பார்த்துக்கொள். நான் தக்காளிக் கூடை சுமந்து உன்னைப் படிக்கவைத்த கதையை, வருகிறவர்கள் என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிரச்சாரத்துக்கு நத்தம் வரை வந்தவன் வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் குறை.

உன் அக்கா
ராமுத்தாய்

சென்னை
3.3.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே, பாதுகாப்புக்காரர்கள் விடவில்லை. இதைக் கொண்டுவரும் ஈஸ்வரன் என் உதவியாளர். நத்தம் பக்கம் ஒரு தோப்பை உன் பெயரில் வாங்குகிறேன். அவரோடு போய்க் கையெழுத்துப் போடு. இதைப் போனில் பேச வேண்டாம்.

தம்பி
மலைச்சாமி

நாகல் நகர்
14.11.2024

தம்பிக்கு,

நேற்று பொம்மையன் என்று ஒரு பெரியவர் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஏத்தா, எந்தோப்ப நீதான் வாங்குனியா?"

"தம்பி வாங்கிக் குடுத்தான். நீங்க விக்கலையா?"

"எங்க வித்தேன்? மகனப் பொய்க் கேசுல போலீசு பிடிச்சு வச்சுக்கிட்டு, தோப்ப விக்கிறதுக்கு ஈஸ்வரன் பேருக்குப் பவர் எழுதிக் கேட்டாக. எழுதிக் குடுத்த அன்னிக்கே அவன விட்டுட்டாக."

உனக்குத் தெரிந்தா இது நடந்தது? தெரியாது என்று ஒரு வரி எழுது.

ராமுத்தாய்

மத்திய சிறை
9.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை, மன்னித்துவிடு. தோப்பு வழக்கு வந்ததும் கட்சிக்காரர்களே என்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஈஸ்வரன் அப்ரூவராகி எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான். அவன் பேச்சை மட்டும் வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் வக்கீல். இருபத்தொன்றாம் தேதி கோர்ட்டில், "நானே வாங்கினேன், தம்பிக்குத் தெரியாது" என்று நீ சொன்னால் போதும். வெளியே வந்துவிடுவேன். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

மலைச்சாமி

நாகல் நகர்
22.7.2025

தம்பிக்கு,

வக்கீல் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். தோப்பை வாங்கியது யார் என்று நீதிபதி கேட்டார். "எந்தம்பிங்கய்யா. கையெழுத்துப் போட்டது நானு" என்றேன். என்னையும் வழக்கில் சேர்ப்பார்களாம். சேர்க்கட்டும். தெரியாது என்று ஒரு வரிதான் உன்னிடம் கேட்டேன். சிறையிலிருந்து எழுதியபோதும் நீ அதை எழுதவில்லை.

பொம்மையனும் வந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

வருகிற திங்கட்கிழமை மனு போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன். பார்க்கப் பிரியமில்லை என்றால் வார்டனிடம் சொல்லி அனுப்பு. செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அக்கா