வாசிச்சியா?

ஜூன் 3, செவ்வாய்

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதும் நாலாவது நாவல் முடிந்தது. இதிலும் நாயகி வயலின்காரிதான். ‘உனக்கு வேற வாத்தியமே தெரியாதா?’ என்று வீட்டுக்காரர் கிண்டல். தெரியாதுதான். எட்டு வருடம் மகள் வாசித்து இந்த வீட்டில் காதில் விழுந்தது அது ஒன்றுதானே.

ஆனால் இந்த நாயகி பாதி வாசிப்பில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறாள். போன வருடம் என் மகள் செய்தது. அன்றோடு அவள் வயலினைத் தொடவில்லை. கேட்காமலே எழுதிவிட்டேன். அச்செடுத்து அவள் மேசையில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் புத்தகம் வராது. பதினாறு வயது, மூக்குக்கு மேல் கோபம்.

ஜூன் 5, வியாழன்

அலுவலகத்தில் இருப்புக்கொள்ளாமல் செய்தி அனுப்பினேன்: ‘வாசிச்சியா?’

‘இல்ல. வாசிக்கவும் மாட்டேன். இனிமே கேக்காதம்மா.’

போச்சு.

ஜூன் 6

ஒரே வீட்டில் உம்மென்று இரண்டு பேர். அப்படி என்ன பெரிய தப்பு பண்ணிட்டேன்? — பண்ணினேன்தான்.

ஜூன் 7, சனி

அவள் அப்பா நடுவில் புகுந்து விசாரித்திருக்கிறார். ‘அம்மா மறுபடி வயலின் வாசிக்கச் சொல்றாப்பா’ என்றாளாம். அட அறிவுகெட்டவளே — என்னைத்தான் சொல்கிறேன். ‘படிச்சியா’ என்று கேட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. எழுத்தாளராம், ‘வாசிச்சியா’ என்றுதான் வாயில் வரும்! கதவைத் தட்டிச் சொன்னேன். ‘கதையையா கேட்ட?’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

படித்துவிட்டாள். ஓரமெல்லாம் பென்சில். ‘வில்லுக்கு ரோசின் பிசின் தடவாம எவளும் மேடை ஏற மாட்டா.’ ‘இந்த இடத்துல கை வேர்க்கும், எழுது.’ கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் குறுக்கே ஒரு கோடு. அதில் நாயகி மறுபடி வாசிக்கிறாள், அரங்கமே கைதட்டுகிறது, அம்மா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்.

‘ஏன்டி?’

‘மறுபடி வாசிச்சாதான் அந்தம்மா கட்டிப்பாங்களா?’

இவள் இறங்கி வந்த அன்று நான் என்ன செய்தேன்? வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கடைசி அத்தியாயத்தைத் தூக்கியாயிற்று. இப்போது நாயகி மேடையிலிருந்து இறங்கும்போதே அம்மா கட்டிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவள் வாசிப்பதே இல்லை. ‘சங்கீதம் ஜெயிக்க வேண்டாமா மேடம்?’ என்று போனில் பதிப்பாளர் இழுத்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு திரையில் படித்தாள்.

‘இந்த அம்மா நல்லாருக்காங்க.’

‘கொஞ்சம் லேட்டுடி.’

‘பரவால்லம்மா. அனுப்பு.’