மலைக்கோட்டைக்கு வெளியே நின்ற சனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே நல்ல சுகம்.

நேற்றுப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வைப் பற்றிப் பேசினேன். பழைய யப்பானில் கோட்டைகள் முதலில் மலையுச்சியில் இருந்தன. துவக்கும் வெடிமருந்தும் வந்த காலத்தில் சமவெளிக்கு இறங்கி, தடித்த கற்சுவரும் அகன்ற அகழியுமாகப் பெருத்தன.

“சண்டை வந்தால் ஊர்ச்சனம் எங்கே போனது?” என்று பேராசிரியை கேட்டார்.

சில இடங்களில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள், மற்ற இடங்களில் சனம் காட்டுக்குள் ஓடியது என்றேன். அதோடு கையிலிருந்த குறிப்புத்தாளை மேசையில் வைத்துவிட்டேன். வன்னியில் சண்டைக்காலத்தில் நீங்கள் எங்களுக்கு வெட்டிய பதுங்குகுழிதான் கண்ணில் நின்றது.

கூடப் படிக்கும் மிதுசன் தண்ணீர் நீட்டி, “குடிச்சிட்டு ஆறுதலாக் கதையும்” என்றான். பிறகு பேசி முடித்துவிட்டேன். நீங்கள் யோசித்துக் கவலைப்பட ஒன்றுமில்லை, அப்பா. ஆய்வில் அந்தச் சனத்துக்கென்று ஓர் அத்தியாயம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே பக்கத்து வீட்டு விமலாதேவி அன்ரி இந்தக் கடிதத்தோடு ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று. ஷெல் விழும்போது குழிக்குள் எங்களுக்கு ஒரு கதை சொல்வீர்களே, அதன் முடிவு எனக்கு நினைவில்லை. உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். நீளமாக இருந்தால் நல்லது.

அன்ரி வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
யதுர்ஷா