காலில் செருப்போடு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் தணிய மாட்டேன் என்கிறது.

எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசரே இங்கே ஜெபக்கூட்டமும் நடத்துகிறார். நேற்று சாப்பாட்டு அறையில், இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதையை வைத்துப் பிரசங்கம். எகிப்து பாவமாம், செங்கடல் ஞானஸ்நானமாம், கானான் பரலோகமாம். அங்கே போய்ச் சேரும்வரை முறுமுறுக்காமல் உழைக்க வேண்டுமாம். ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதமாகியும் எங்கள் பன்னிரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அவர் பீரோவில்தான் கிடக்கின்றன.

எல்லோரும் ஆமென் சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, மோசே பார்வோன் ராஜாகிட்ட என்ன கேட்டாரு? செத்த பிறகு மோட்சம் குடுன்னா கேட்டாரு? ஜனங்களை இப்பவே விடுன்னுதானே கேட்டாரு?"

"வசனத்தை வளைக்காதீங்க தம்பி" என்றார். இன்று காலை என்னை இஸ்திரி அறைக்கு மாற்றிவிட்டார். கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மேலும் கோபம் அப்பா. முப்பது வருடம் நம் சபையில் நீங்களும் இதைத்தான் பிரசங்கித்தீர்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். பரலோகம் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பார்வோன் கதவைத் திறக்க வேண்டாமா?

காலையில் நீங்கள் வாசிக்கும் சங்கீதத்தை உங்கள் குரலிலேயே பதிந்து அனுப்புங்கள். உறுதியான செருப்பு ஒரு ஜோடியும் வேண்டும். எகிப்தை விட்டுப் புறப்பட்ட ராத்திரி இஸ்ரவேலர் காலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அந்த வசனத்தை மட்டும் நீங்கள் ஒருநாளும் விளக்கியதில்லை.

வேலை மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்